வழிந்து காட்டும் வெடிமருந்து

தம்பியின் தொப்பியைப் பார்த்த பிறகுதான் துப்பாக்கி வெடித்துவிட்டது என்பது வெர்னா செட்லசெக்குக்கு உறைத்தது. தொப்பி அவன் தலையில் இல்லை. நாலடி பின்னால், காய்ந்த புல்லில் மல்லாந்து கிடந்தது. லீலண்ட் குறி பார்த்த நிலையிலேயே, வலது கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தான். அந்தக் கையில் ரிவால்வரின் பிடி இருந்தது, விசை இருந்தது, குழலும் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தோட்டாக்கள் இருந்த உருளையில் பாதியையும் அதன் மேலிருந்த இரும்புப் பட்டையையும் காணவில்லை.

யாரும் கத்தவில்லை. டோலினா ஊர்த் துப்பாக்கி கிளப்பின் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் சுட வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், காப்பி ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் அப்படியே நின்றார்கள். அறுவடை முடிந்த சோள வயல்மேல் காற்று போகும் சத்தம் கேட்டது. பிறகு போட்டியை நடத்துகிறவர், "எல்லாரும் துப்பாக்கிய கீழ வைங்க! கீழ வைங்க!" என்று இரண்டு முறை சொன்னார்.

"என்னக்கா ஆச்சு?" என்றான் லீலண்ட். காது அடைத்துப்போனவன் பேசுகிற மாதிரி உரக்கக் கேட்டான். புருவத்திலிருந்து ரத்தம் வழிந்து பாதுகாப்புக் கண்ணாடியில் இறங்கியது. கட்டைவிரல் நகம் கிழிந்து நின்றது. அவன் இரண்டையும் கவனிக்கவில்லை. கையிலிருந்ததையே பார்த்தான். "இது அப்பாவோடது," என்றான்.

வெர்னா தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவன் நெற்றியில் அழுத்தினாள். அவள் கை நடுங்கவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பள்ளிப் பேருந்து ஓட்டும் கை அது. பனியில் வண்டி வழுக்கியபோதும் நடுங்காதது. ஆனால் அவளுக்குள் ஒரே ஒரு நினைவு மட்டும் மணியடித்ததுபோல் திரும்பத் திரும்ப வந்தது: அவன் சுட்டது என்னுடைய தோட்டாவை.

டோலினாவில், நெப்ராஸ்காவின் அந்தப் பக்கத்துச் சிற்றூர்கள் எல்லாவற்றிலும், தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கிக் கழுவி, புது மருந்து போட்டு, ஈயக் குண்டைச் செருகி, மறுபடியும் தோட்டாவாக்குவார்கள். அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எவர் நிரப்பியதோ அவர்தான் சுட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனுக்கு டிராக்டர் கொடுப்பார்கள், பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குப் பன்றி வெட்டிக் கொடுப்பார்கள். தோட்டா மட்டும் கொடுக்க மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள்.

லீலண்ட் கேட்டான். அன்று காலை தன் தோட்டாப் பெட்டியைச் சமையலறை மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான்.

"அக்கா, ஒரு சுற்றுக்கு மட்டும் கொடு."

"போடா. வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வா."

"போய்ட்டு வர்றதுக்குள்ள என் முறை போயிடும். என் பிள்ளைங்க ரெண்டு பேரையும் பன்னண்டு வருஷம் உன் பஸ்ல ஏத்தி அனுப்பினேன். ஒரு நாளாவது பயந்தேனா? ஆறு தோட்டாவுக்கு இவ்வளவு யோசிக்கிறியே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "வெர்னாவோட தோட்டான்னா நானே வாங்கிச் சுடுவேன்பா," என்றார் ஒருவர். அவள் கொடுத்தாள். கொடுத்தபோது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதைப் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள்.

அவளைப் பற்றி ஊரில் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. கணவன் ஹென்றி மாரடைப்பில் போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பேருந்துச் சம்பளத்திலேயே வாழ்கிறாள். பிள்ளைகள் இல்லை. மாதா கோயில் சமையலுக்கு உருளைக்கிழங்கு உரிப்பாள். பாட்டு வராது. கடையில் விற்கும் தோட்டா மணிக்கட்டில் உதைத்து வலித்ததால், தன் கைக்குத் தாங்குகிற மாதிரி உதை குறைந்த தோட்டா செய்துகொள்ளலாம் என்று தானே கற்றுக்கொண்டாள். அதில்தான் அவளுக்குப் பேர் வந்தது. அவள் தோட்டாக்கள் ஒன்றுபோல் ஒன்று பாயும். இலக்கில் விழும் ஆறு ஓட்டையையும் ஒரு காப்பிக் கோப்பையால் மூடிவிடலாம்.

அந்த ஒழுங்குக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அவள் தேர்ந்துகொண்ட மருந்து. வேகமாக எரியும் ஜாதி. கூட்டின் அடியில் ஒரு சிட்டிகை கிடந்தால் போதும். உதை மெத்தென்று இருக்கும். ஒரு டப்பா வாங்கினால் ஆண்டு முழுக்க வரும். இரண்டாவது, அவள் பிடியைத் தட்டும் விதம். மருந்து ஊற்றும் பொறியின் பிடியை மேலே தூக்கினால் உள்ளே மருந்து நிறையும், கீழே இறக்கினால் கூட்டுக்குள் விழும். மருந்து உள்ளே தங்கிப்போகாமல் ஒரே சீராக விழ வேண்டும் என்பதற்காக, மேலே தூக்கியதும் ஒரு தட்டு, கீழே இறக்கியதும் ஒரு தட்டு என்று பிடியை மெல்ல ஆட்டுவாள். டக் டக், டக் டக். ஹென்றி உயிரோடு இருந்த காலத்தில் பக்கத்து அறையிலிருந்து, "கடிகாரத்தையே கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்கு," என்பான்.

சிட்டிகை மருந்தில் ஒரு சங்கடம் உண்டு. அது எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கூடு ஆழமானது. மருந்து அடியில் கொஞ்சூண்டுதான். மறந்துபோய் ஒன்றுக்கு இரண்டாக ஊற்றிவிட்டாலும் கூட்டில் இடம் மிச்சமிருக்கும், மேலே ஒன்றும் தெரியாது; சுட்டால் துப்பாக்கியே பிளந்துவிடும். அதனால் குண்டைச் செருகுவதற்கு முன்பு மரப்பலகையில் வரிசையாக நிற்கும் கூடுகளுக்குள் சிறு விளக்கை அடித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். ஒரு தடவைகூடப் பார்க்காமல் விட்டதில்லை.

திங்கட்கிழமை பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிட்டு வந்ததும், மிச்சமிருந்த தோட்டாக்கள் அத்தனையையும் கழற்றினாள். சுத்தியல் போன்ற கருவிக்குள் தோட்டாவைப் பூட்டித் தரையில் ஓங்கி அடித்தால் குண்டும் மருந்தும் தனித்தனியாகக் கழன்று வரும். ஒவ்வொன்றின் மருந்தையும் தராசில் போட்டுப் பார்த்தாள். லீலண்ட் கட்டுப்போட்ட கையோடு எதிரே உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுவும் சரி," என்றாள் கடைசியாக. "எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"எனக்குத் தெரியும்." அவன் எழுந்தான். "அப்போ அந்த எமில்தான்."

எமில் போஸ்பிசில் ஊரிலிருக்கும் ஒரே துப்பாக்கி பழுதுபார்ப்பவர். வசந்தத்தில் அப்பாவின் ரிவால்வருக்குப் புதுக் குழல் மாட்டிக் கொடுத்தவர் அவர். கிளப்பில் ஒவ்வொரு பருவத்திலும் எல்லோருடைய துப்பாக்கியையும் சோதித்துச் சீட்டு ஒட்டுகிறவரும் அவரே.

"குழலும் உருளையும் நேரா நிக்காம மாட்டியிருக்கான் கிழவன். என் கண்ணு போயிருக்கும்க்கா! ஞாயித்துக்கிழமை கிளப் கூட்டத்துல கேக்கறேன். இனிமே அந்த ஆளு யார் துப்பாக்கியையும் தொடக்கூடாது."

வெர்னா தராசைத் துடைத்தாள். மிச்சமிருந்தவை சரி என்றால் போனதும் சரிதான் என்று ஆகாது. வெடித்த தோட்டா தன் சாட்சியைத் தானே எரித்துவிட்டது. இது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் இத்தனை ஆண்டுகளாக விளக்கடித்துப் பார்த்த கண் பொய் சொல்லுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அந்தக் கேள்விக்குப் பதிலை முதலிலேயே வைத்துக்கொண்டுதான் கேட்டாள். தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்ததும் ஒரு வாக்குமூலம்தான். ஊர் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. தபால் நிலையத்தில், தானியக் கிடங்கில், முடிவெட்டும் கடையில், "வெர்னா தோட்டா எல்லாத்தையும் கழட்டிப் பார்த்துட்டா. குத்தம் அதுல இல்ல," என்று பேச்சு ஓடியது.

வெள்ளிக்கிழமை அவள் எமிலின் கடைக்குப் போக வேண்டியிருந்தது. மருந்து விற்பதும் அவர்தான். அடுத்த கடைக்கு ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். போகாமலிருந்தால் அதையும் ஊர் பேசும். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது பின்சுவரின் மரச்சட்டம். பழுதுக்கு வந்த துப்பாக்கிகள் எப்போதும் நெருக்கியடித்து நிற்கும் சட்டம், ஏறக்குறையக் காலியாக இருந்தது. ஆட்கள் வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்போல என்று நினைத்தபோது அவளுக்கு முகம் சுட்டது.

"வா, வெர்னா," என்றார் எமில். அரத்தைக் கீழே வைத்தார். "தம்பி கை எப்படி இருக்கு?"

"நகம் போயிடும்னு சொன்னாங்க. விரல் நல்லாருக்கு."

"நல்ல வேளை." மருந்து அலமாரிப் பக்கம் திரும்பினார். "உன் பழைய மருந்துதானே? எடுக்கட்டா?"

"வேண்டாம்."

அவர் கை பாதி வழியில் நின்றது. "வேண்டாமா? இத்தனை வருஷமா அத விட்டு வேறெதையும் தொட்டதில்லையே நீ."

"வேற ஏதாவது கொடுங்க." ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. வீட்டில் பாதி டப்பா இருந்தது. இந்த வாரம் அதன் மூடியைத் திறக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"வேறன்னா எத்தனையோ இருக்கு. என்ன மாதிரி வேணும்? உதை கம்மியா? புகை கம்மியா? குளிர்ல மக்கர் பண்ணாததா?"

"கூட்டுல நிறையறதா."

எமில் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"பொதபொதன்னு இருக்கணும்," என்றாள் வேகமாக. "பாதிக்கு மேல வரணும். ரெண்டு தடவை விழுந்தா வெளிய கொட்டணும்."

"அப்படி ஒண்ணு இருக்கு. ஆனா அழுக்குப் பிடிக்கும். டப்பா சீக்கிரம் தீர்ந்துடும். உன் பழசு மாதிரி சொகுசா இருக்காது." ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து எடுத்தார். மூடியில் தூசி. ஊதித் துடைத்தார். "யாரும் இத வாங்கறதில்ல. எல்லாருக்கும் சிக்கனம் வேணும். தப்பு பண்ணினா காட்டிக்கொடுக்கற மருந்து யாருக்கும் வேண்டாம்."

"நான் தப்பு பண்ணினேன்னு சொல்றீங்களா?"

"நான் எங்கம்மா சொன்னேன்? மருந்தப் பத்திச் சொன்னேன்."

"லீலண்ட் பேசறது..."

"அவன் பேசறது எனக்குக் கேட்குது. ஊர் சின்னது." மிச்சக் காசை எண்ணாமலே கொடுத்தார். "உன் கைப்புத்தகத்துல இந்த மருந்துக்கு என்ன அளவு போட்டிருக்கோ அதைப் பாரு. பழைய அளவ மனசுல வெச்சுக்கிட்டு ஊத்தாதே. குறைச்சலா ஆரம்பி."

அது அவர் எல்லோருக்கும் சொல்வது. அன்று குரலில் உயிரில்லை.

சனிக்கிழமை மதியம் வெர்னா பழைய டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மேசையில் ஒரே நேரத்தில் இரண்டு டப்பா இருக்கக் கூடாது என்பது அவள் விதி. பொறியைப் பிரித்துத் துடைத்து, புது மருந்தை ஊற்றி, தராசில் சரிபார்த்தாள். பிறகு, எப்போதும்போல, வானொலியைப் போட்டாள். பல்கலைக்கழக அணியின் கால்பந்து ஆட்டம். சனிக்கிழமை மதியம் அந்த ஆட்டம் கேட்காத வீடு அந்த மாவட்டத்தில் கிடையாது. அவள் தோட்டா நிரப்புவதும் எப்போதும் அப்போதுதான்.

டக் டக், டக் டக். கூட்டை எடு, குழாயின் கீழ் பிடி, தூக்கு, தட்டு, இறக்கு, தட்டு, பலகையில் வை. மருந்து கூட்டின் பாதிக்கு மேல் வந்து நின்றது. பார்க்கவே வேறு மாதிரி இருந்தது, கிண்ணத்தில் சோறு போட்டதுபோல. முதல் வரிசை முடிந்தது. இரண்டாவது முடிந்தது. தன் கை எவ்வளவு சீராகப் போகிறது என்று ஒரு நிம்மதி வந்தது. நம்ம பசங்க எதிரணியின் எல்லைக்கோட்டை நெருங்கிவிட்டார்கள் என்று வர்ணனையாளர் குரலை உயர்த்தினார். கூட்டம் இரைந்தது. அவள் தலையைத் திருப்பவில்லை, கையை நிறுத்தவில்லை. காது மட்டும் அங்கே போனது.

விரல்களில் ஏதோ கரகரத்தது.

குனிந்து பார்த்தாள். கூட்டின் வாய்மேல் மருந்து கூம்பாகக் குவிந்திருந்தது. குவியலின் பக்கங்களில் சாம்பல் நிறத் துணுக்குகள் சரிந்து அவள் கட்டைவிரல்மேல், மேசைமேல், மடியில் கொட்டிக்கொண்டிருந்தன.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பொறி கெட்டுவிட்டது என்று நினைத்தாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள். அது பிடியைப் பற்றியபடியே இருந்தது. கீழே இறக்கி ஒரு தட்டு. அந்தத் தட்டு, மெல்ல ஆட்டுகிற அந்தச் சின்னத் தட்டு, மேலே போயிருந்தது. முழுசாக மேலே போய் முழுசாகக் கீழே வந்திருந்தது. ஒரே சீராக விழ வேண்டும் என்பதற்காகவே அவள் கைக்குச் சொல்லிக் கொடுத்தது அது. கை அதை அவளிடம் கேட்காமல் செய்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த கூட்டுக்குக் காத்திருந்தது.

வானொலியில் ஆரவாரம். அவள் அணைக்கவில்லை. இடது கையில் அந்தக் கூடு அப்படியே நின்றது. பழைய மருந்தாக இருந்திருந்தால் இந்த இரண்டாவது அளவு சத்தமில்லாமல் அடியில் போய்ப் படுத்திருக்கும். பலகையில் மற்றவற்றோடு வரிசையில் நின்றிருக்கும். அவள் விளக்கடித்துப் பார்த்திருப்பாள். பார்த்துச் சரி என்றிருப்பாள். ஏனென்றால் அவள் கண் கூட்டைப் பார்க்கவில்லை, சரி என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது; எத்தனை காலமாக என்று யாருக்குத் தெரியும்.

அப்போதுதான் பேருந்து நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு மாலையும் கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகு, யாராவது தூங்கிப்போய்க் கிடக்கிறார்களா என்று பின்னிருக்கை வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வருவாள். நடக்கிறேன், என்று நினைத்தாள். பார்க்கிறேனா?

லீலண்டைப் போனில் கூப்பிட்டாள். "உடனே வா. எதையும் தொடாதே. வந்து பாரு."

அவன் வந்து மேசைக்கு முன்னால் நின்றான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் குவிந்த கூட்டையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான்.

"இது இன்னிக்கு நடந்ததுக்கா. அன்னிக்கும் இப்படித்தான்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் இல்ல."

"அப்புறம் என்ன?"

"அப்படி நடக்கவே நடக்காதுங்கற மாதிரி உன் முன்னாடி உக்காந்திருந்தேனே, அந்த நிச்சயம் போயிடுச்சு."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். கட்டுப்போட்ட விரலை மறு கையால் மூடிக்கொண்டான். "என் கண்ணு போயிருக்கும்," என்றான். இந்த முறை அந்தச் சொல் எமிலுக்கு இல்லை. பிறகு, "நான் அந்த மனுஷன ஊர் முழுக்க நாறடிச்சிருக்கேனே," என்றான்.

ஞாயிறு பூசை முடிந்து, மாதா கோயிலின் கீழ்த்தளக் கூடத்தில் கிளப் கூடியது. காப்பி மணத்தது; கசகசா வைத்த கொலாச் ரொட்டித் தட்டு கைமாறிக்கொண்டிருந்தது. எமில் கடைசி வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். புகார் சொல்ல லீலண்டின் பெயரைக் கூப்பிட்டதும், அவனுக்குப் பதில் வெர்னா எழுந்தாள். சுருக்கமாகச் சொன்னாள். கை செய்ததைச் சொன்னாள், கண் பார்க்காததைச் சொன்னாள், மிச்சத் தோட்டாக்கள் எதையும் நிரூபிக்காது என்று தெரிந்தும் வாரம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னாள். "அன்னிக்கு வெடிச்சது இதனாலதான்னு நான் நிரூபிக்க முடியாது. ஆனா என் தோட்டாவுல குத்தம் இல்லன்னு ஊருல பேசினதுக்கு ஆதாரம் இல்ல."

ரொட்டித் தட்டு பாதி வழியில் நின்றது. முன்வரிசையில் ஒருவர், "வெர்னாவா?" என்றார், நம்பாமல். அவ்வளவுதான். எமிலை விலக்கும் வாக்கெடுப்பு நடக்கவில்லை.

லீலண்ட் கடைசி வரிசைக்குப் போய் எமில் முன்னால் நின்று, கட்டுப்போட்ட கையையே நீட்டினான். எமில் அதை ஜாக்கிரதையாகப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவர் முகத்தில் வெர்னா எதிர்பார்த்த நிம்மதி இல்லை.

"என் துப்பாக்கியையும் மத்த எல்லாரோடதையும் நீங்க பழையபடி பார்க்கணும்," என்றாள் அவள். "கடையில சட்டம் காலியாக் கிடக்கறதப் பார்த்தேன். ஆளுங்க எடுத்துட்டுப் போனத திரும்பக் கொண்டுவரச் சொல்றேன்."

"யாரும் எடுத்துட்டுப் போகல," என்றார் எமில்.

"பின்ன?"

"நான்தான் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வேற ஊர்ல காட்டுங்கன்னு." கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டார். "உன் தோட்டா சரின்னு கேள்விப்பட்ட அன்னிக்கே எனக்குத் தோணிடுச்சு, அப்போ தப்பு என்னோடதுதான்னு. வெர்னா சொன்னா சரியாத்தானே இருக்கும். அந்தக் குழல எப்படி மாட்டினேன், எத்தனை தடவை திருகினேன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன். ஞாபகம் வரல. கை செஞ்சிருக்கு. நான் அங்க இருந்தேனான்னு தெரியல."

அவர் கோபத்தோடு இருக்கிறார் என்றே வெர்னா வாரம் முழுக்க நினைத்திருந்தாள். அவளுடைய மௌனத்தை ஊர் நம்பியதுகூடப் பெரிதில்லை. அவரும் நம்பியிருந்தார்.

அவள் பையிலிருந்து தன் ரிவால்வரை எடுத்தாள். உருளையைத் திறந்து காலியாக இருப்பதைக் காட்டி, அவர் கையில் வைத்தாள். "பார்த்துச் சொல்லுங்க."

எமில் ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வழக்கமாக அவர் ஒரே ஒரு முறைதான் பார்ப்பார். உருளையை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "சரி," என்று திருப்பிக் கொடுப்பார். சீட்டு ஒட்டுவதற்குள் அடுத்தவன் துப்பாக்கிக்குக் கை நீளும். அன்று ஒரு முறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். உருளையை ஒவ்வொரு அறையாக நிறுத்தி, விரல் நுனியால் தடவி, முதலிலிருந்து மூன்றாம் முறை ஆரம்பித்தார். வெர்னா பக்கத்திலேயே நின்றாள். அவர் "சரி" என்று சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார்.